பீங்கான் பெட்டியில் வந்த புட்பால்

சீமைப் புட்பால் எங்களுக்குக் கசங்கித்தான் வந்தது. ரங்கூன் மொகல் தெருவில் ஒரு பீங்கான் கடையில் நான் வேலை பார்த்த காலம் அது. கடைக்குப் பின்னால் கிட்டங்கி. சீமையிலிருந்து, அதாவது இங்கிலாந்திலிருந்து, கப்பலில் வரும் பெட்டிகளை அங்கே வைத்துத்தான் பிரிப்போம். தட்டு, கோப்பை, தேயிலைக் கெண்டி என்று ஒவ்வொன்றையும் அந்த ஊர்ப் பழைய பத்திரிகையில் சுற்றி, வைக்கோலுக்குள் புதைத்து அனுப்பியிருப்பார்கள். கெண்டிக்கு முழுத் தாள், கோப்பைக்குப் பாதி, சாசருக்குக் கால். சாமானைத் துடைத்து அடுக்கிவிட்டுக் காகிதத்தை மூலையில் குவிப்போம். சாயங்காலம் கடலை வறுக்கிறவன் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போவான். அவன் வருவதற்குள் புட்பால் செய்தி இருக்கிற தாள்களை நாங்கள் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் என்றால் மூன்று பேர். பெட்டி பிரிப்பதில் மூத்தவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். இராமநாதபுரம் பக்கத்து ஆள். ஆணியைப் பிடுங்கும்போது உள்ளே இருக்கிற பீங்கானோடு பேசிக்கொண்டே பிடுங்குவார். "பயப்படாத தாயி, ஊரு வந்திருச்சு, இறங்கு" என்பார். அடுத்தவர் பரங்கிப்பேட்டைக்காரர். எங்களுக்கு அவர் பாய். சாமான் அடுக்குகிற கை அவருடையது, வாயும் அப்படியே, ஓயாது. மூன்றாவது நான். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் படிக்க வரும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றதில்லை. அந்தக் காகிதங்களில்தான் எழுத்துக் கூட்டிக் கற்றேன். சோப்பு விளம்பரம், செத்துப்போனவர்கள் அறிவிப்பு, நாய் காணவில்லை என்கிற செய்தி, இவைதான் எனக்கு அரிச்சுவடி. இதனால் அண்ணன் எனக்கு வைத்த பேர் வாத்தியார். மரியாதைக்கு வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். "வாத்தியாரே, அந்த வாளியை எடு" என்று கூப்பிடுவதற்கு வைத்தது.

ரங்கூனில் புட்பால் மழைக்காலத்து ஆட்டம். வைகாசி பிறந்து வானம் கிழிந்தால் மைதானமெல்லாம் சேறு, சேறெல்லாம் ஆள். வெள்ளைக்காரக் கம்பெனிகளின் டீம் பூட்ஸ் போட்டு ஆடும். பர்மாக்காரரும் நம்மவரும் வெறுங்கால். அண்ணன் நம்மவர் டீமில் லெப்ட் அவுட், அதாவது இடது ஓரக் கோட்டை ஒட்டியே ஓடுகிறவர். இடது கால்தான் அவருக்குக் கை. சோறு பிசைவதைத் தவிர மற்றதையெல்லாம் அந்தக் காலால் செய்வார் என்று பாய் சொல்வதுண்டு. கிட்டங்கியில் உருண்டு போகிற ஆணி டப்பாவைக்கூடக் குனியாமல் இடது காலாலேயே நிறுத்துவார்.

சீமையின் முதல் வகுப்பு டீம்களில் அண்ணனுக்கும் எனக்கும் என்று ஒன்று உண்டு. நூல் மில் நிறைந்த ஓர் ஊரின் டீம். அதை ஏன் பிடித்துக்கொண்டோம் என்றால், அதிலும் ஒரு லெப்ட் அவுட் இருந்தான். குள்ளமானவன், சனிக்கிழமை ஆட்டத்துக்கு மில்லிலிருந்து நேராக வருகிறவன் என்று ஒரு பாதித் தாளில் எழுதியிருந்தது. அண்ணனுக்கு அது போதும். "அவன் எனக்குச் சகலைப்பா" என்றார். "எப்படிண்ணே?" என்று கேட்டேன். "அவனும் நானும் ஒரே ஓரக் கோட்டைக் கட்டிக்கிட்டவங்க. அவன் அங்கன குடும்பம் நடத்துறான், நான் இங்கன நடத்துறேன்." அன்றிலிருந்து அவன் பேர் சகலை. அவனுடைய நிஜப் பேர் எங்கள் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

பாய்க்கு வேறு டீம். கம்பளி நெய்கிற ஊர் ஒன்று, அது இரண்டு வருஷமாகத் தொடர்ந்து முதல் இடத்தில் நின்றது. ஜெயிக்கிறவன் பக்கம் நிற்பதில் பாய்க்குக் கூச்சம் கிடையாது. "தோக்குறவனைப் பார்த்துப் பாவப்பட வீட்டுல என் மச்சினன் இருக்கான். புட்பாலுக்கு வேற வேணுமா?" என்பார்.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. பொறுக்கிய தாள்களை அண்ணன் தம் அறைக்குக் கொண்டுபோவார். பபேடான் பக்கம் ஒரு சந்தில் மரவீட்டு மாடி. அங்கே மதினி, அண்ணனின் மனைவி, கரி இஸ்திரிப் பெட்டியால் அவற்றைத் தேய்த்துச் சுருக்கம் எடுப்பாள். எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனால் தாளின் எந்தப் பக்கம் மேல் என்று சரியாகச் சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் கூடுவோம். நான் படித்துத் தமிழில் சொல்வேன். பிறகு எந்த ஆட்டம் முன்னால், எது பின்னால் என்று அடுக்குவோம். இந்த அடுக்குகிற வேலைதான் ஆட்டத்தைவிடப் பெரிய ஆட்டம். தேதி தாளின் உச்சியில் இருக்கும். கோப்பைக்கென்று பாதியாகக் கிழித்த தாளில் உச்சி எங்கே இருக்கப் போகிறது? தை மாதத்து ஆட்டம் முதலில் வரும், ஐப்பசி ஆட்டம் இரண்டு கப்பல் கழித்து வரும். தோற்றதை முதலில் அழுதுவிட்டு, அதற்கு முந்திய வாரம் ஜெயித்த செய்தி வந்த பிறகு சிரிப்போம். "நம்ம பிழைப்பு மாதிரியே இருக்கு" என்று மதினி ஒரு தரம் சொன்னாள்.

ஒன்றை மட்டும் நாங்கள் சந்தேகப்பட்டதே இல்லை. புதுப் பெட்டியில் வருகிற காகிதம் பழைய பெட்டியில் வந்ததைவிடப் புதிது என்று நம்பினோம். முன்பின்னாக வந்தாலும் எல்லாம் ஒரே வருஷத்து ஆட்டம்தானே என்று இருந்தோம். சீமையில் பெட்டி கட்டுகிறவன் கைக்கு எட்டுகிற குவியலிலிருந்து உருவுவான், அந்தக் குவியலின் அடியில் எத்தனை வருஷம் கிடக்குமோ என்று யோசிக்கிற புத்தி எங்களுக்கு இல்லை. நாங்களும் அதே தொழில்தானே செய்தோம், பெட்டியின் மறுமுனையில்.

நான் சொல்ல வந்த வருஷம், ஆப்சைட் சட்டம் மாறிய வருஷம். புட்பால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் ஆள் பந்தை உங்களுக்குத் தட்டிவிடும்போது உங்களுக்கும் கோலுக்கும் நடுவில், கோல்கீப்பரையும் சேர்த்து, எதிராளிகள் மூன்று பேராவது நிற்க வேண்டும். குறைந்தால் விசில், ஆட்டம் நின்றுபோகும். அது பழைய சட்டம். அந்த வருஷத்திலிருந்து இரண்டு பேர் நின்றால் போதும் என்று சீமையில் மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு அது தெரிந்த விதம் வேடிக்கை. திடீரென்று ஒவ்வொரு தாளிலும் ஐந்து கோல், ஆறு கோல். அச்சுக்காரன் குடித்திருக்கிறான் என்றார் பாய். பிறகு ஒரு கெண்டியைச் சுற்றிய முழுத் தாளில் சட்டம் மாறின விவரம் கிடைத்தது. நான் சொல்லச் சொல்ல அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அறைக்குள்ளேயே மதினியைக் கோல்கீப்பராகவும், பாயைக் கோலுக்கு முன்னால் தடுத்து நிற்கிற பேக்காகவும் நிறுத்தி, தாம் நடுவே புகுந்து ஓடிக் காட்டினார். "இனி என்னை யாரு பிடிக்கிறது?" என்றார். மதினி கையில் கரண்டி. "நான் பிடிப்பேன். தண்ணி எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அடுத்த மழைக்கு ரங்கூன் மைதானத்திலும் புதுச் சட்டம் வந்தது. அண்ணனுக்கு அது கல்யாணக் காலம். பேக் ஆட்டக்காரர்களுக்கு இன்னும் பழக்கமாகவில்லை, கையைத் தூக்கிக்கொண்டு விசிலுக்காக நிற்பார்கள். அண்ணன் அவர்களைத் தாண்டிப் போயிருப்பார். ஆனி மாதம் முழுக்க மொகல் தெருவில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

ஆடி பிறந்ததும் ஒரு கம்பெனி டீமோடு ஆட்டம். மழை கொட்டுகிறது. அண்ணன் கோலை நோக்கி வெட்டி உள்ளே வந்தார். எதிரே பூட்ஸ் போட்ட பேக் ஒருவன் சறுக்கிக்கொண்டு வந்தான். சேற்றில் இருவருக்குமே கால் வைத்த இடத்தில் நிற்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, பெட்டிப் பலகை உடைகிற சத்தம். அந்த வெள்ளைக்காரனே அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கூரைக்கடியில் கிடத்தினான். முகம் சுண்ணாம்பாக இருந்தது அவனுக்கு. அண்ணனின் இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது.

எலும்பு கட்டுகிற பர்மாக்காரர் ஒருவர் இருந்தார், எல்லோரும் ஸயா என்பார்கள், அந்தச் சொல்லுக்கு ஆசான் என்று பொருள். பொறுமையான மனிதர். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு நேராக உட்கார்ந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கிழிந்த இடத்துப் புண் ஆறவில்லை. ஸயாவே ஒரு நாள் மோந்து பார்த்துவிட்டு, இது என் கையில் அடங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். போனோம். அங்கே டாக்டர் எலும்புக்குள் சீழ் ஏறிவிட்டது என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் ஆள் பிழைக்கும், தள்ளிப்போட்டால் மேலே ஏறும், பிறகு தாம் பொறுப்பில்லை என்றார். நிதானமாகத்தான் சொன்னார். அண்ணனும் நிதானமாகத்தான் கேட்டார். "யோசிச்சுச் சொல்றோம் ஐயா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இதற்கிடையில்தான் ஒரு காகிதம் வந்திருந்தது. தை, மாசி ஆட்டங்களில் சகலையின் பேர் காணாமல் போனதை நாங்கள் முன்பே கவனித்திருந்தோம். அவன் இடத்தில் வேறு யாரோ. பாய் கேலி பண்ணுவார், "உங்க சகலை மாமியார் வீட்டுக்குப் போயிட்டாரா?" என்று. காரணம் இப்போதுதான் ஒரு கால் தாளில் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில் அவனுக்குக் கால் முறிந்து, தூக்கிக்கொண்டு போனார்களாம். இடது கால். முழங்காலுக்குக் கீழே.

இதை அண்ணனிடம் சொல்லவா வேண்டாமா என்று பாயும் நானும் கிட்டங்கியில் நின்று பேசினோம். பாய் சொன்னார், "சொல்லுப்பா. துணைக்கு ஒரு ஆளு இருக்குன்னு நினைப்பாரு." அப்படித்தான் நினைத்தார். படுக்கையில் சாய்ந்துகொண்டு முழுக்கக் கேட்டார். "அதே காலா?" என்றார். "அதே கால்." "அதே இடமா?" "அதே இடந்தாண்ணே." "அப்ப அவன் எந்திரிச்சானான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து அதே பேச்சு. சீமையில் ஆட்டம் சித்திரை வரை நடக்கும். பங்குனி, சித்திரைத் தாள்கள் இன்னும் வரவில்லை. அடுத்த பெட்டியில் வரலாம். சகலை திரும்ப ஆடியிருந்தால் இந்தக் காலும் ஆடும். அவன் ஆடவில்லை என்றால் டாக்டர் சொன்னபடி எடுத்துவிடலாம். அதுவரைக்கும் யாரும் கத்தியைப் பற்றிப் பேசக்கூடாது.

மதினி பேசினாள். "அந்த வெள்ளைக்காரன் காலு சேந்தா உங்க காலு எப்படிச் சேரும்? அவனும் நீங்களும் ஒரு வயித்துலயா பொறந்தீங்க?"

"ஏ, உனக்குத் தெரியாது."

"எனக்குப் புட்பாலு தெரியாது. நாத்தம் தெரியும்."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மதினி என் பக்கம் திரும்பி, "நீ சொன்னா கேப்பாரு தம்பி" என்றாள். நான் சொன்னேன். டாக்டர் படித்தவர், ஆயிரம் காலைப் பார்த்தவர் என்றெல்லாம் சொன்னேன். அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "வாத்தியாரே, ஒத்தைக் காலோட ரங்கூன்ல என்ன செய்ய? பகோடாக் கோயில் படியில உக்காந்திருக்கானுகளே, தகரத்தை முன்னால வச்சுக்கிட்டு, அவனுகளும் ஒரு காலத்துல பெட்டி தூக்கினவனுகதான். டாக்டர் சொன்னதையும் நான் கேட்டுக்கிட்டேன். ஒரு கப்பல். ஒரே ஒரு கப்பல் பாக்குறேன்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டில் எதையும் அவர் எதிரே காட்ட முடியவில்லை.

ஆவணியில் கப்பல் வந்தது. முதலாளி நல்ல மனிதர். எங்கள் சங்கதி அவர் காதுக்கும் போயிருந்தது. விளக்குக் கண்ணாடிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுப் பீங்கான் பெட்டிகளை முதலில் பிரிக்கச் சொன்னார். கடலைக்காரன் வந்தபோது, "இந்தத் தடவை உனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று தாமே அனுப்பிவைத்தார். பாயும் நானும் வைக்கோல் தூசியில் தும்மித் தும்மிப் பிரித்தோம். பாய் ஒவ்வொரு கோப்பையையும் குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி காகிதம் கிழியாமல் கழற்றினார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. "இதுல இருக்கா? இதுல?" என்று நீட்டிக்கொண்டே இருந்தார். பெட்டியின் பாதியில், ஒரு சூப்புக் கிண்ணத்தின் மேல், சகலையின் பேர் இருந்தது.

பாதித் தாள். உச்சி இல்லை, தேதி இல்லை. எங்கள் டீம் சொந்த ஊரில் ஜெயித்திருக்கிறது. இரண்டு கோலையும் போட்டவன் சகலை. அவன் இடது ஓரத்தில் ஓடினால் பிடிக்க ஆளில்லை என்று எழுதியிருந்தது. மேற்கொண்டு படிக்க எனக்குப் பொறுமை இல்லை. பாய் தலைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் எனக்கு முன்னால் ஓடினார். தம்முடைய கம்பளி ஊர்க்காரர்கள் ஆடினபோதுகூட அவர் அப்படி ஓடினதில்லை.

நல்ல மழை. மாடிக்குப் போய்ச் சொன்னதும் அண்ணன் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்த முகத்தில் பல் தெரியச் சிரித்தார். "சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?" மதினி போய்த் தேநீர் போட்டாள். சீனியை அள்ளிப் போட்டிருந்தாள், தித்திப்பில் வாய் ஒட்டியது. அவளும் நம்பிவிட்டாள் என்பது அந்தத் தேநீரில்தான் எனக்குத் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுத் தாளை வாங்கித் தேய்த்தாள்.

"இப்ப முதல்லேருந்து படி. மெதுவா. ஒரு வரி விடாத" என்றார் அண்ணன்.

நான் படித்தேன். சுருக்கம் போன தாளில் எழுத்து நன்றாகத் தெரிந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, யார் டாஸ் ஜெயித்தது, எல்லாம் சொன்னேன். இடைவேளைக்கு முன்னால் சகலை மூன்றாவதாக ஒரு கோலும் அடித்திருந்தான். அது செல்லவில்லை. பந்து அவனுக்கு வந்தபோது அவன் எதிரே கோல்கீப்பரும் ஒரு பேக்கும் இருந்தார்கள், இருவர் மட்டுமே இருந்ததால் ரெப்ரி ஆப்சைட் ஊதிவிட்டார், ஜனங்கள் முணுமுணுத்தார்கள் என்று எழுதியிருந்தது. அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே என் நாக்கு தடுமாறியது.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "எத்தனை பேரு நின்னாங்க?"

"ரெண்டு பேர்ணே."

"ரெண்டு பேரு நின்னா எதுக்கு விசிலு?"

பாய்தான் சொன்னார், "ரெப்ரி கண்ணு தெரியாதவனா இருப்பான். நம்ம ஊர்ல ஊதுறானுகளே, அந்த மாதிரி."

"இல்ல பாய்" என்றார் அண்ணன். "ரெப்ரி சரியாத்தான் ஊதியிருக்கான். மூணு பேரு நிக்கணும்னு இருந்தப்ப ஆடின ஆட்டம் இது. சட்டம் மாறுறதுக்கு முந்தின வருஷம்." தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா ஓடியிருக்கான். அப்ப அவனுக்குக் காலு இருந்துச்சு" என்றார்.

மதினிக்கு ஆப்சைட் புரியாது. எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பாய் எதையாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்த மனிதர் பேச்சில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அண்ணன் மதினியைப் பார்த்து, "காலையில ரிக்ஷாவுக்குச் சொல்லு. டிராம்ல நம்மளால ஏற முடியாது" என்றார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். கோபித்துக்கொள்ளவில்லை. தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்போது முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அன்றே எடுத்தார்கள்.

கண் விழித்ததும் அண்ணன் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "காலை என்ன பண்ணினாங்க?" எனக்குத் தெரியவில்லை. "கேட்டுட்டு வா" என்றார். வார்டுக்காரனைக் கேட்டேன், அவன் பின்பக்கம் கையைக் காட்டினான். பின்னால் மதிலை ஒட்டிச் செங்கல் அடுப்பு ஒன்று இருந்தது. கட்டுத் துணி, பஞ்சு எல்லாவற்றையும் அதில் போட்டு எரிப்பார்கள். எரிக்கிறவர் தெலுங்குக்காரர், வயதானவர், தமிழ் கொஞ்சம் பேசினார். நேற்று எடுத்த கால் என்று விவரம் சொன்னேன். "எரிஞ்சு போச்சு அப்பா. இங்கே பேரு போட்டு எரிக்கிறது இல்லை" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். "அவசரக்காரக் காலு. பந்துக்கு முந்தி அதுதான் போய் நிக்கும். இப்ப எனக்கும் முந்திப் போயிருச்சு" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. மதினி முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். "பேசாம படுங்க" என்றாள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அந்தக் கப்பலின் கடைசிப் பெட்டியையும் பிரித்தோம். பாயின் கம்பளி ஊர் மூன்றாவது வருஷமும் முதல் இடத்துக்கு வந்துவிட்ட செய்தி அதில் இருந்தது. அந்த மாதிரி முன்பு யாரும் செய்ததில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் சொன்னேன். பாய் "சரி" என்றார், தட்டு அடுக்கிக்கொண்டே இருந்தார். "உங்க சகலை பேரு?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு அடுத்து வந்த பெட்டிகளிலும் இல்லை. ஆடினானா, மில்லுக்கே திரும்பிப் போனானா, எனக்கு இன்று வரை தெரியாது.

அண்ணனுக்குக் காய்ச்சல் விடவில்லை. ஒரு நாள் இறங்கும், எல்லோரும் மூச்சு விடுவோம், மறுநாள் ஏறும். அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு மத்தியானம், மதினி அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, போய்விட்டார். அவள் கஞ்சியை ஆற்றி முடித்த பிறகுதான் பார்த்தாள்.

ரங்கூனில் அவருக்குப் பிள்ளையோ பங்காளியோ இல்லை. நான்தான் கொள்ளி வைத்தேன். பாய் சுடுகாட்டு வாசல் வரை வந்து மரத்தடியில் நின்றார், எல்லாம் முடிகிற வரைக்கும் நின்றார். மறுநாள் சாம்பலை ஆற்றில் கரைப்பதற்காகப் பானையில் எடுத்து வைத்தோம். அப்போது மதினி என்னைக் கூப்பிட்டாள். இரவெல்லாம் அழுது குரல் கட்டியிருந்தது.

"தம்பி, அவரை முழுசா அனுப்பணும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஒத்தைக் காலோட போனா அங்க என்ன பண்ணுவாரு? அந்தக் காலையும் கொண்டுவந்து சேத்துரு."

அது எரிந்து எத்தனையோ நாளாகிவிட்டது, அந்த அடுப்பில் தினம் தினம் யார் யாருடையதோ எரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தெலுங்குப் பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என்ன வேண்டும் என்று சொன்னதும் டப்பாவை வாங்கிக்கொண்டார். பிறகு அடுப்புக்குள் கழியை விட்டு அடியிலிருந்து கிளறி, கட்டியை உடைத்து, மிருதுவாக இருந்த சாம்பலாகப் பார்த்து அள்ளிப் போட்டார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, டப்பாவை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

சாம்பல் கரைக்கப் பெண்கள் வருகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மதினி வந்தாள். யாரும் தடுக்கவில்லை. படகுத் துறையில் சம்பான் என்கிற சின்னப் படகு ஒன்று பிடித்தோம். ஆற்றின் நடுவுக்குப் போனதும் டப்பாவைத் திறந்து பானையில் கவிழ்த்தாள். இரண்டும் ஒரே நிறமாக இல்லை. ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. வேறுபாடு தெரியாமல் போகிற வரைக்கும் கையை விட்டுக் கலந்தாள். விரலில் என்னவோ தட்டியது. எடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுத் துணி அவிழாமல் குத்துகிற ஊசி, தீயில் கறுத்து வளைந்திருந்தது. அதை மட்டும் தனியாகச் சம்பான் பலகைமேல் வைத்தாள். பிறகு பானையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பக்கமாக மெல்லச் சாய்த்தாள்.